உள்தாழ்ப்பாள் கேட்கிறார்கள், அப்பா

என்னை ஒரு நாளும் அதட்டத் தெரியாத என் அப்பாவுக்கு,

நல்லா இருக்கீங்களா என்று கேட்கத்தான் கை வருகிறது. பழக்கதோஷம். நீங்கள் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. போன வாரம்வரை நம் வீட்டில் எந்தக் கதவையும் தாழ் போட்டதில்லை. நான் குளிக்கும்போதுகூடக் கதவு ஒரு சாண் திறந்துதான் இருக்கும். அம்மா வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பாள். தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றால் போதும், "கண்ணு, இருக்கறயா?" என்பாள். "இருக்கறேன்மா." மறுபடி ஒரு செம்பு ஊற்றுவேன். மறுபடி, "இருக்கறயா?" இருபத்தொன்பது வயதில் எனக்குக் குளிக்கவே வெறுத்துப்போய்விட்டது.

அம்மாவைக் குறை சொல்லவில்லை. யாரிடமாவது சொல்லியாக வேண்டும். உங்களை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் வேலை போகிற நிலைமைக்கு வந்துவிட்டது.

என் வேலை என்னவென்று உங்களுக்குக் கடைசிவரை முழுசாகப் புரிந்ததில்லை. அமெரிக்காவில் எவனோ ஆஸ்பத்திரிக்குப் போகிறான். அவன் நோய்க்கு ஒரு நம்பர், போட்ட ஊசிக்கு ஒரு நம்பர் என்று நான் கருமத்தம்பட்டியிலிருந்து கோயமுத்தூர் ஆபீசுக்குப் போய் உட்கார்ந்து குறிக்கிறேன் என்றால் சிரிப்பீர்கள். "காச்சலுக்கு என்ன நம்பர் அம்மணி? முட்டி வலிக்கு? அட, நெஞ்சு வலிக்குக்கூடவா நம்பர் போட்டு வெச்சிருக்கறாங்க?" என்று ஒரு நாள் கேட்டீர்கள். சொன்னேன். பஸ் நம்பரை மனப்பாடம் செய்கிற மாதிரி இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டீர்கள். அந்த நம்பர் இன்றும் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை திரையில் வருகிறது. ஒவ்வொரு தடவையும் என் கை நின்றுவிடுகிறது.

நீங்கள் போன பிறகு, அம்மாவின் நிலைமையைச் சொல்லி, நம் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து வேலை பார்க்க அனுமதி வாங்கியிருந்தேன். போன மாதம் விதி மாறிவிட்டது. நோயாளிகளின் விவரம் வெளியே போகக்கூடாதாம். வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களுக்குத் தனி அறை வேண்டும், சரியான மேசை வேண்டும், பின்னால் வெற்றுச் சுவர் வேண்டும், சத்தம் வரக்கூடாது, வேறு யார் கண்ணிலும் திரை படக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, உள்ளே தாழ்ப்பாள் போடுகிற கதவு வேண்டும். வீடியோவில் வந்து சோதித்துப் பார்ப்பார்கள். இல்லையென்றால் தினமும் கோயமுத்தூர் ஆபீசுக்கு வர வேண்டும். அதுவும் முடியாதென்றால் நன்றி, வணக்கம்.

ஆபீசுக்குப் போய்ப் பார்க்காமல் இல்லை. விதி மாறியதும் ஒரே ஒரு நாள் போனேன். மதியம் கீழே வரச் சொல்லி செக்யூரிட்டி கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் அவருடைய நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். காலில் செருப்பு இல்லை. தனியாக அவினாசியைத் தாண்டிப் போகாதவள், பஸ் பஸ்ஸாக விசாரித்து வந்திருக்கிறாள். "என்ற புள்ள உள்ள நல்லா இருக்குதுங்களா, சித்தெ பாத்துச் சொல்லுங்க சாமி" என்று அவரிடம் கேட்டிருக்கிறாள். அந்த மனிதரும் பாவம், மூன்று தடவை மாடியேறி வந்து கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துவிட்டுப் போய், "இருக்குதுங்கம்மா, டைப் அடிச்சுட்டு இருக்குதுங்க" என்று சொல்லியிருக்கிறார். நான்காவது தடவைதான் முடியாமல் என்னையே கூப்பிட்டுவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. உங்கள்மேல்தான் கோபம் வந்தது. இப்படி விட்டுவிட்டுப் போனீர்களே என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் உங்களைத் திட்டிக்கொண்டே வந்தேன். அம்மா என் தோளில் சாய்ந்து கண்ணை மூடாமல் வந்தாள்.

ஆக, வேலையும் வேண்டும், அம்மாவும் வேண்டும் என்றால் ஒரே வழிதான். நம் வீட்டில் அறை என்று இருப்பது ஒன்றே ஒன்று. உங்கள் அறை.

நைட் ஷிப்டில் தறி ஓட்டிவிட்டு வந்து, பகலில் வெளிச்சம் ஆகாது, யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள் என்று உள்ளே தாழ் போட்டுக்கொண்டு தூங்குவீர்களே, அதே அறை. அதற்குள்தான் உங்களுக்கு நெஞ்சு வலி வந்தது. நாங்கள் தட்டிப் பார்த்து, கத்திப் பார்த்து, பக்கத்துத் தறிக்கூடத்து ஃபிட்டர் கடப்பாரையோடு ஓடி வந்து கதவை உடைத்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அன்றிலிருந்து அந்தக் கதவு நிலையில் அம்மாவின் பழைய சேலைதான் தொங்குகிறது. உடைந்த கதவை வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் மதில் ஓரம் சாய்த்து வைத்திருக்கிறோம். துணி துவைக்கப் போகும்போதெல்லாம் அம்மா அதற்கு முதுகு காட்டித்தான் நிற்பாள்.

அந்த அறையைச் சீர்செய்யத் தொடங்குவதற்கு முன் ஃபோனில் எத்தனையோ வீடியோ பார்த்தேன். ஐந்தே நிமிடத்தில் அழகான ஒர்க் ஸ்பேஸ் என்கிறார்கள். அந்தப் பெண்களுக்கெல்லாம் ஏற்கெனவே அழகான வீடு இருக்கிறது. அதில் ஒரு பூந்தொட்டியை இங்கிருந்து அங்கே நகர்த்துகிறார்கள். ஒருத்தி சத்தத்தைத் தடுக்க முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டச் சொன்னாள். பேக்கரியில் கெஞ்சி நாற்பது அட்டை வாங்கி வந்து ஒட்டினேன். தறிச் சத்தம் குறையவே இல்லை. கரப்பான்பூச்சிதான் வந்தது. எல்லாவற்றையும் பிய்த்தெடுத்தேன். சுவரில் சொறி பிடித்த மாதிரி ஆகிவிட்டது. அந்த அறையின் நடுவில் உட்கார்ந்து அழுதேன். சோதனைக்கு அப்போது ஒன்பது நாள் இருந்தது.

அழுது முடித்து எழுந்து, முதலில் மேசை வேலையைத் தொடங்கினேன். பொடக்காலியில் சும்மா கிடந்த கடப்பாக் கல் ஞாபகம் இருக்கிறதா? சமையல் மேடைக்கு வாங்கி நீளம் போதாமல் கிடந்ததே, அதுதான். நானும் அம்மாவும் சாக்கின்மேல் ஏற்றி இழுத்து வந்தோம். காலுக்கு ஹாலோ பிளாக். மூன்று அடுக்கு வைத்தால் முட்டி இடித்தது. நான்கு வைத்தால் தோள் காதுவரை ஏறியது. கடைசியில் மூன்று பிளாக், அதன்மேல் ஒரு செங்கல்லைப் படுக்கை வாட்டில் வைத்ததும் முழங்கை சரியாக உட்கார்ந்தது. பிளாக்குகளுக்குச் சுண்ணாம்பு அடித்தேன். கல்லைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்ததும் கறுகறுவென்று என்ன பளபளப்பு தெரியுமா? பிளாக்கின் ஓட்டை வழியாகவே சார்ஜர் ஒயரையும் கொண்டுபோய்விட்டேன்.

ஜன்னல் வெளிச்சம் இடது பக்கமாக விழும்படி மேசையைப் போட்டேன். முகத்துக்கு நேராக விழுந்தால் கண் கூசுகிறது, முதுகுக்குப் பின்னால் விழுந்தால் வீடியோவில் முகம் கறுத்துப்போகிறது. மேட்டுப்பாளையத்துத் தக்காளி வந்த மரப்பெட்டி இரண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலும் கீழுமாக ஆணி அடித்து அலமாரி ஆக்கினேன். காபித்தூள் பாட்டிலில் மணி பிளான்ட் வைத்தேன். அம்மா அதை எட்டிப் பார்த்துவிட்டு, "செடியெல்லாம் வெச்சா வேலை நெலைக்குமாக்கும்?" என்றாள். அவ்வளவு நாளுக்குப் பிறகு அம்மா கிண்டல் பேசினாள்.

கதவு வேலைக்கு ஆசாரி அண்ணன் வந்த அன்று அந்தக் கிண்டல் போய்விட்டது. உடைந்த கதவைத் தூக்கி நிறுத்திப் பார்த்தார்.

"கீழ்ப் பலகை சுத்தமாப் போச்சுங்க அம்மணி. மேலெல்லாம் தேக்கு, கல்லு மாதர இருக்குது. புதுப் பலகை ஒண்ணு வெச்சு அடிச்சுப்போட்டாச் சரியாயிரும்."

"வேண்டாங்ண்ணா. கீழ அப்படியே தொறந்து இருக்கட்டும்."

"ஏனுங்க, எலி வருமுங்களே?"

"வரட்டுங்ண்ணா."

எலி என்ன, பாம்பே வந்தாலும் பரவாயில்லை என்ற நிலையில் இருந்தேன். கீழே முக்கால் அடி திறந்திருந்தால், கூடத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு என் கால் தெரியும். திரை தெரியாது. இதுதான் என் கணக்கு. கால் அசைந்தால் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். ஆசாரி அண்ணன் கதவை மாட்டி, புதுத் தாழ்ப்பாளை இழுத்துத் தள்ளிக் காட்டினார். அந்த இரும்புச் சத்தம் கேட்டதும் அம்மா கையிலிருந்த சொம்போடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவர் டீ குடிக்காமலே கிளம்பிப் போனார்.

அப்பா, இனிமேல் எழுதப்போவதை உங்களிடம் எப்போதோ சொல்லியிருக்க வேண்டும்.

தறிக்கூடத்துப் பக்கச் சுவருக்கு நான் ஒரு உபாயம் கண்டுபிடித்தேன். மர ரீப்பரில் சட்டம் அடித்து, உள்ளே கழிவுப் பஞ்சைத் திணித்து, மேலே காடாத் துணியை இழுத்துக் கட்டிவிடுவது. பஞ்சும் காடாவும்தான் நம் ஊரில் தெருவெல்லாம் கிடக்கிறதே. அந்தக் காடா நீங்கள் நெய்ததோ வேறு யார் நெய்ததோ தெரியாது. நானும் அம்மாவும் எதிரெதிரே உட்கார்ந்து திணித்துக்கொண்டிருந்தோம். அப்போது பக்கத்துத் தறிக்கூடத்துக்கு டெம்போவிலிருந்து பாவு நூல் சுற்றிய பீமை இறக்கினார்கள். இரும்பு பீம் மண்ணில் விழுகிற 'தொம்'. தினமும் பத்துத் தடவை கேட்கிற சத்தம். வெளியூர் ஆள் என்றால் தூக்கிவாரிப் போடும். நமக்கு அது காதிலேயே விழாது. நீங்கள்தானே சொல்வீர்கள், இந்த ஊர்க்காரன் காதில் பாதி தறிக்காரனுக்கு எழுதிக் கொடுத்தது என்று.

என் கை நின்றுவிட்டது. வாய் தானாகச் சொல்லிவிட்டது. "அம்மா, அன்னைக்கு நான் கேட்டேன்."

அன்றைக்கு எனக்கு வீட்டிலிருந்தே ஆன்லைன் பயிற்சி வகுப்பு. கூடத்தில், உங்கள் கதவிலிருந்து பத்தடி தள்ளி, காதில் ஹெட்செட்டோடு உட்கார்ந்திருந்தேன். ஹெட்செட்டையும் மீறி 'தொம்' என்று ஒரு சத்தம் கேட்டது. பீம் இறக்குகிறார்கள் என்று நினைத்தேன். தலையைக்கூடத் திருப்பவில்லை. ஒரு மணி நேரம் கழித்து உங்களுக்கு டீ கொடுக்கக் கதவைத் தட்டியபோதுதான் எல்லாம் தெரிந்தது. நீங்கள் கட்டிலில் இல்லை, கீழே கிடந்தீர்கள். அன்றைக்குப் பக்கத்தில் டெம்போவே வரவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். 'இன்னும் கொஞ்சம் முன்னாடி பார்த்திருந்தால்' என்று டாக்டர் இழுத்தாரே, அந்த வார்த்தையை நான் பதினான்கு மாதமாகத் தின்றுகொண்டிருக்கிறேன்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லி முடித்தேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அம்மா பஞ்சைத் திணித்துக்கொண்டே இருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள்.

"நானுந்தான் கேட்டேன் கண்ணு. பொடக்காலில ஏனம் கழுவிட்டு இருந்தேன். நானும் பீமுன்னுதான் நெனச்சேன்."

அப்பா, அந்தச் சத்தத்தை நாங்கள் இரண்டு பேரும் கேட்டிருக்கிறோம். இரண்டு பேரும் ஒரே தப்பைச் செய்துவிட்டு, ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி மறைத்துக்கொண்டு, ஒரே வீட்டில் ஒரே குண்டானில் சோறு தின்றிருக்கிறோம். அவள் ஏன் என்னை நிமிடத்துக்கு ஒரு தடவை கூப்பிடுகிறாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நீங்கள் கூப்பிட்டீர்களா அப்பா? விழுந்த பிறகு ஒரு தடவையாவது எங்களைக் கூப்பிட்டீர்களா? கூப்பிடவில்லை என்று யாராவது சத்தியம் செய்து சொன்னால் அவர்கள் காலில் விழத் தயாராக இருக்கிறேன்.

நாங்கள் அழுதோம். பஞ்சு முகமெல்லாம் ஒட்டிக்கொண்டது. பிறகு அம்மாதான், "சட்டத்தப் புடி, துணி தொய்யுது" என்றாள். இழுத்துப் பிடித்து ஆணி அடித்தோம். சத்தம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. வெள்ளையாக, மடிப்பில்லாமல், அந்தச் சுவர் அவ்வளவு அழகாக இருந்தது. மீதித் துணியை எனக்குப் பின்னால் வருகிற சுவருக்கும் இழுத்துக் கட்டினோம்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குச் சோதனை. வீடியோவில் ஒரு பெண் வந்தார். மேசையைக் காட்டச் சொன்னார், சுவரைக் காட்டச் சொன்னார், ஜன்னலைக் காட்டச் சொன்னார். "ரொம்ப நீட்டா பண்ணியிருக்கீங்க" என்றார். எனக்கு மூச்சு வந்தது. கடைசியாகக் கதவைச் சாத்தித் தாழ் போட்டுக் காட்டச் சொன்னார். போட்டேன்.

"கீழே அவ்வளவு கேப் இருக்கே? அதை அடைச்சுட்டு திங்கட்கிழமை காலைல போட்டோ அனுப்பிடுங்க. அப்பத்தான் அப்ரூவ் பண்ண முடியும்."

"மேடம், எங்கம்மா..." என்று ஆரம்பித்தேன். அவர் காத்திருந்தார். என்னவென்று சொல்வது? இந்த அறையில் என்ன நடந்தது என்று சொன்னால் இந்த அறையே ஆகாது என்றுவிட்டால்? "சரிங்க மேடம்" என்றேன். நம் ஊர் வாய்க்கு அதுதானே வரும்.

தாழை நீக்கி வெளியே வந்தால் அம்மா கூடத்தில் படுத்துக்கொண்டு, கன்னம் தரையில் பட, கதவின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. வேலையை விட்டுவிடுவோம், அம்மாவோடு பனியன் கம்பெனிக்குப் பிசிறு வெட்டப் போவோம், எது வேண்டுமானாலும் செய்வோம், இனி முடியாது என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். என்னால் ஆனதெல்லாம் செய்துவிட்டேன் அப்பா. அதற்கு மேல் எனக்கு வழி தெரியவில்லை.

சனிக்கிழமை அம்மா யாரையும் கேட்காமல் ஆசாரி அண்ணனைக் கூட்டி வந்தாள். "அடைச்சுப்போடுங்க" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். பலகை அடித்து முடிந்ததும், தறிக்கூடத்திலிருந்து வாங்கி வந்த ஒரு கோன் நூலை மடியிலிருந்து எடுத்தாள்.

"ஒரு முனைய உன்ற கால் கட்டைவிரல்ல கட்டிக்கோ. கதவுக்கு அடியில நூலு போற சந்து போதும். ஒரு முனை என்ற கையில இருக்கட்டும். நான் சுண்டுனா நீ சுண்டோணும். வாய் பேச வேண்டாம், மெசினும் ஒண்ணுஞ் சொல்லாது."

"நூல் அறுந்துட்டா?"

"தறிக்காரன் பொண்டாட்டிக்கு அறுந்த இழைய முடிக்கத் தெரியாதா?"

திங்கட்கிழமை காலை போட்டோ அனுப்பினேன். பத்து மணிக்குச் சரி என்று பதில் வந்தது. காலில் நூலைக் கட்டினேன். கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. உங்கள் கை பட்ட கதவு அது. தள்ளினேன்.

உட்காருவதற்குள் முதல் சுண்டு வந்தது. சுண்டினேன். ஒரு நிமிடத்தில் அடுத்தது. சுண்டினேன். கண்ணில் நீர் வழிய வழிய யாருடைய கால் முறிவுக்கோ நம்பர் போட்டேன். பதினொரு மணிக்கு இரண்டு நிமிடத்துக்கு ஒன்று என்று ஆனது. பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம். நான் வேலையில் மூழ்கிவிட்டேன். அப்படி மூழ்கி எத்தனையோ காலம் ஆகிறது.

ஒன்றரை மணிக்குத்தான் உறைத்தது. நூல் ரொம்ப நேரமாகச் சும்மா கிடக்கிறது.

சுண்டினேன். பதில் இல்லை. இன்னும் பலமாகச் சுண்டினேன். அந்தப் பக்கம் எதிலோ கட்டியிருப்பது தெரிந்தது, அசைவு இல்லை. "அம்மா!" என்று கத்தினேன். ஹெட்செட்டைப் பிடுங்கி எறிந்தேன். நாற்காலி சாய்ந்தது. வேலை நடுவில் எழுந்தால் எழுதி வைப்பார்கள், எழுதட்டும். தாழ்ப்பாள் புதுசு, இறுக்கம், திறக்கவில்லை. அதை ஆட்டி ஆட்டி இழுத்த அந்த நேரத்தில், அன்று கதவுக்கு அந்தப் பக்கம் நின்ற எங்கள் கதி எனக்கு இந்தப் பக்கமும் வந்தது.

திறந்தால், அம்மா சுவரில் சாய்ந்து, வாயைத் திறந்து, குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். விரலில் நூல் மூன்று சுற்று. மூக்குக்கு நேரே கையை வைத்துப் பார்த்தேன். இரண்டு தடவை வைத்துப் பார்த்தேன். நீங்கள் போன பிறகு அம்மா பகலில் கண் மூடி நான் பார்த்ததில்லை, அப்பா. பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். உள்ளே மெசின் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. நான் போகவில்லை.

வேலை நிலைக்குமா தெரியாது. எழுந்து போனதற்கு விளக்கம் கேட்டு மெயில் வந்திருக்கிறது. இன்னும் பதில் போடவில்லை. உங்களுக்கு எழுதி முடித்துவிட்டுப் போடலாம் என்று இருக்கிறேன்.

ஒரே ஒரு சத்தியம் செய்கிறேன் அப்பா. அது பீமாக இருக்கும், தூங்கிக்கொண்டிருப்பாள், ஒன்றும் ஆகியிருக்காது என்று இனி ஒரு தடவைகூட எனக்கு நானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டேன். எந்த வேலையானாலும் போட்டுவிட்டு எழுந்து போய்ப் பார்ப்பேன். உங்களுக்குச் செய்யாததை அம்மாவுக்குத் தினமும் செய்வேன்.

பத்தடி தூரம் எழுந்து வராத
உங்கள் ஒரே மகள்